ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு சுற்றுவழி

பத்துப்பாட்டைப் பயின்ற மாணவர்களுக்கு ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை புதியதன்று. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையுற்று எதிரே வருபவனுக்கு வள்ளலின் ஊரைச் சொல்லி, அவ்வூருக்குச் செல்லும் வழியையும் சொல்லுதல் அதன் இயல்பு. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் அவ்வகையில் ஒன்று. நன்னனின் செங்கண்மாவுக்குக் கூத்தர்களை ஆற்றுப்படுத்தும் 583 அடிகளில், வழியிலுள்ள இடர்களும், மலையில் எழும் ஓசைகளும், அங்கு வாழும் மக்களின் விருந்தோம்பலும் பெரும் பகுதியைக் கொள்ளுகின்றன. ஊரை அறிய வேண்டுமானால் ஊருக்குச் செல்லும் வழியையும் அறிதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை போலும்!

அந்தச் செங்கண்மாவே இன்றைய செங்கம். அதற்கு வடக்கே தொடங்கி நீண்டு கிடப்பது ஜவ்வாது மலை. அம்மலையின் மேற்குப் புறத்தில் உள்ள நகரம் திருப்பத்தூர். 2019ஆம் ஆண்டு முதல் அது தனி மாவட்டத்தின் தலைநகர். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அந்நகருக்கு ரயிலில் வருவோர் பலர் ஜோலார்பேட்டைச் சந்திப்பில் இறங்குகின்றனர். அங்கிருந்து நகரம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் விரைவில் வீடு சேரலாம். அந்தச் சிறு தொலைவை வேண்டுமென்றே நீட்டிக்கொள்வது பயனுடையது என்பதே யான் ஈண்டுச் சொல்ல வந்தது.

சந்திப்பு ஏன் நகரத்தில் அமையாமல் தள்ளி அமைந்தது என்று சிலர் வினவலாம். ரயில் பாதை மேடுபள்ளங்களுக்கு அஞ்சுவது. சென்னையிலிருந்து பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வரும் பாதை, வாணியம்பாடியைக் கடந்தபின் ஏலகிரி மலையின் ஓரமாக வளைந்து ஜோலார்பேட்டையை அடைகிறது. அங்கே ஒரு கிளை பெங்களூரை நோக்கி மேடேறுகிறது. மற்றொன்று திருப்பத்தூர் வழியாகச் சேலம் செல்லுகிறது. பெங்களூர்க் கிளை 1864ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து, 900 மீட்டருக்கு மேலுள்ள பெங்களூர் வரை வண்டி ஏற வேண்டும். ஆகவே பாதை எங்கே பிரிய வேண்டும் என்பதை நகரத்தின் வசதி தீர்மானிக்கவில்லை. நிலத்தின் அமைப்பே தீர்மானித்தது. ரயிலுக்கு மட்டுமன்றி விமானத்துக்கும் இவ்விதி பொருந்தும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள சப்போரோ நகருக்குரிய நியூ சிட்டோசே விமான நிலையம், நகரத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கு இறங்குவோருள் சிலர் நேரே நகருக்குச் செல்லாமல், எரிமலை வாயில் உண்டான ஷிகோட்சு ஏரியைக் கண்டபின் செல்லுகின்றனர். நமக்கும் அத்தகைய வாய்ப்பு உண்டு.

ஜோலார்பேட்டையில் இறங்கியதும் கண்ணில் படுவது ஏலகிரி. பொன்னேரியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் இட்டிருக்கின்றனர். கபிலரையும் பாரியையும் ஒரே சாலையில் சந்திப்பது தமிழ் மாணவர்க்கு இனிய அனுபவமன்றோ? மலையின் மற்றொரு புறத்தில், ஆட்டாறு ஜலகம்பாறையில் அருவியாக விழுகிறது. மழைக்காலத்தை ஒட்டிச் சென்றால்தான் அதன் முழு அழகைக் காணலாம்.

ஆனால், ஒரே ஒரு சுற்றுவழிக்குத்தான் நேரம் உண்டு என்பார்க்கு யான் சுட்டுவது காவலூர். ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலைமேல் ஏறினால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு நடுவே வெண்ணிறக் கவிகைகள் தோன்றும். அவையே வைணு பாப்பு வானாய்வுக் கூடம்.

விண்மீன்களை இரவில் ஆராய்வதற்குத் தென்னிந்தியாவில் ஏற்றதோர் இடத்தை 1960களின் தொடக்கத்தில் தேடியவர் வானியலறிஞர் வைணு பாப்பு. கோடைக்கானலில் கதிரவனை ஆராயும் கூடம் முன்னமே இருந்தது. எனினும் இரவு ஆராய்ச்சிக்கு மேகம் குறைந்த, நகரொளி எட்டாத இடம் தேவைப்பட்டது. ஜவ்வாது மலை அதனைத் தந்தது. நிலநடுக்கோட்டுக்கு 12½ பாகை வடக்கே இருப்பது அதன் மற்றொரு சிறப்பு. ஓரிடத்தின் அட்சரேகை எவ்வளவோ, துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் அவ்வளவு பாகை உயரத்தில் நிற்கும். ஆகவே காவலூரில் அது தாழ்ந்தே நிற்கிறது. அதற்கு ஈடாகத் தென்வானம் விரிந்து காட்சி தருகிறது: அகத்தியம் என்னும் விண்மீனையும், திரிசங்கு என்னும் தொகுதியையும் அங்கு நன்கு காணலாம். வட ஐரோப்பாவிலுள்ள அறிஞர் தம் ஊரிலிருந்து திரிசங்குவைக் காணவே இயலாது.

1968இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் அங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவ்வாண்டிலேயே, வியாழனின் துணைக்கோளாகிய கானிமீட் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியைக் காவலூரில் நோக்கினர். 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. அமெரிக்க அறிஞர்கள் பறக்கும் விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் அதனைக் கண்டு, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டெனத் துணிந்தனர். அதே இரவில் காவலூரிலும் விண்மீனின் ஒளி குன்றியது பதிவாகியது. 1988இல் இங்கு கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று கணித மேதை இராமானுஜனின் பெயரைத் தாங்கி விண்ணில் உலவுகிறது.

1986இல் தொடங்கி வைக்கப்பட்ட பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அது நம் நாட்டிலேயே தேய்த்து மெருகேற்றப்பட்டது. இருளில் நன்கு விரிந்த மனிதக் கண்ணின் பாவை 7 மில்லிமீட்டர் அளவினது. அதனோடு ஒப்பிட்டால் இக்கண்ணாடி ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு ஒளியைத் திரட்டும். 1982இல் மறைந்த பாப்பு அதனைக் காண வாழ்ந்திலர். கூடம் அவர் பெயரைப் பெற்றது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. நேரத்தை முன்னரே கேட்டறிந்து செல்லுதல் நலம்.

இனி, இச்சுற்றுவழி ஏன் இன்றியமையாதது என்பதைக் கூறுவேன். தொலைநோக்கியின் உண்மையான முதல் இருள். நம் ஊர்களிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் விளக்கொளி, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தை வெளிறச் செய்கிறது. மெலிந்த விண்மீனின் ஒளி அவ்வெளிறலில் மூழ்கிவிடும். கண்ணாடியை இன்னும் பெரிதாகச் செய்யலாம். தொலைந்த இருளை எந்தப் பணிமனையிலும் செய்ய முடியாது. ஆலங்காயமும் வாணியம்பாடியும் திருப்பத்தூரும் வளர்வது இயற்கை, வளரவே வேண்டும். ஆயினும் தெரு விளக்குக்கும் கடை விளக்குக்கும் மேலே ஒரு மூடி இட்டு, ஒளியைத் தரைக்குத் திருப்பினால், தெருவும் நன்கு தெரியும், வானமும் கெடாது, மின்செலவும் குறையும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; வேண்டுமென்ற எண்ணம் இருந்தால் போதும்.

அவ்வெண்ணம் பிறக்க, மலைமேல் என்ன இருக்கிறது என்பதை அடிவாரத்தில் வாழ்வோர் அறிந்திருத்தல் வேண்டும். வெளியூரில் கல்வி பயின்று, விடுமுறைதோறும் ஜோலார்பேட்டையில் இறங்கி, நேரே வீடு சேரும் மாணவர்களை யான் அறிவேன். காவலூரை ஒருமுறையேனும் பார்த்தீர்களா என்று கேட்டால், பெரும்பாலோர் இல்லை என்கின்றனர். மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். அருகிலிருக்கும் உடன்பிறந்தாரையும் அண்டை வீட்டுச் சிறுவரையும் அழைத்துச் செல்லுங்கள். இறங்கி வந்தபின், உங்கள் தெருவிலுள்ள விளக்குகள் எத்திசையை நோக்கி ஒளி வீசுகின்றன என்று ஒருகணம் நிமிர்ந்து பாருங்கள்.