முன்பணத்துக்கு முன்: வீடு, மனை முகவர் தொழிலில் புதிதாக இறங்குவோருக்கு

வீடு, மனை வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடைநின்று உதவும் முகவர் தொழிலைத் தொடங்குவதற்காக, நடப்புக் கணக்கு திறக்க நம் கிளைகளுக்கு வருவோர் பல தரத்தினர். பட்டப்படிப்பை முடித்த இளைஞர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் சொந்த வருமானம் தேடும் இல்லத்தரசிகள் எனப் பலரையும் இத்தொழில் ஈர்க்கிறது. கடை வேண்டியதில்லை, சரக்கு வேண்டியதில்லை, பெரிய முதலும் வேண்டியதில்லை என்பதே இதன் கவர்ச்சி. ஒரு கைப்பேசியும் இருசக்கர வாகனமும் தொழிலைத் தொடங்கப் போதும் என்பது உண்மையே. ஆனால் நிலைத்து நிற்க அவை போதா.

முகவர் பேசி முடித்த வணிகம் அடுத்து வந்து சேரும் இடம், பெரும்பாலும் வங்கியின் வீட்டுக்கடன் மேசைதான். சில வணிகங்கள் அங்கிருந்து தடையின்றிப் பத்திரப்பதிவு வரை செல்கின்றன. சில பாதியிலேயே நின்றுவிடுகின்றன. நின்றுபோனவற்றில் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு முன்பணமாகச் சிக்கிக் கிடக்கும். பழி முகவர் மீது விழும். இவ்விரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒன்றே: முன்பணம் கைமாறுவதற்கு முன்னால் முகவர் எதையெல்லாம் பார்த்தார் என்பதுதான். புதிதாக இத்தொழிலுக்கு வருவோர் அவ்வாறு பார்க்க வேண்டியவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறோம்.

சட்டத்தின் பார்வையில் முகவர்

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டத்தைச் சுருக்கமாக 'ரெரா' என்கிறோம். கட்டணம் அல்லது தரகு பெற்றுக்கொண்டு, வாங்குவோரையும் விற்போரையும் எந்த வழியிலேனும் அறிமுகம் செய்து வைப்பவர் அனைவரையும் இச்சட்டம் முகவராகவே கருதுகிறது. தரகர், இடைத்தரகர், ஆலோசகர் என எப்பெயரில் இயங்கினாலும் இதில் வேறுபாடில்லை.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அமையும் திட்டங்களும், 8 வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடித் திட்டங்களும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அவ்வாறு பதிவான திட்டத்தில் உள்ள மனையையோ வீட்டையோ விற்றுத்தர முகவரும் ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாமல் செயல்பட்டாலோ, பதிவாகாத திட்டத்தை விற்க உதவினாலோ, விதிமீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வீதம் அபராதம் விதிக்கலாம். அது அந்த மனை அல்லது வீட்டின் விலையில் 5 விழுக்காடு வரை உயரக்கூடும். ஒரு விற்பனையில் முகவர் ஈட்டும் தரகு 1 அல்லது 2 விழுக்காடுதான் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆணையங்கள் மாநிலந்தோறும் தனித்தனியானவை. எந்த மாநிலத்துத் திட்டத்தை விற்கிறோமோ அந்த மாநில ஆணையத்தின் பதிவு வேண்டும். கட்டணமும் நடைமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மகாராட்டிர மாநில ஆணையம் 2023ஆம் ஆண்டு முதல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தகுதித் தேர்வையும் கட்டாயமாக்கியுள்ளது. தொழிலைத் தொடங்குமுன் தம் மாநில ஆணையத்தின் இணையதளத்தை முழுமையாகப் படிப்பதே ஒரு முகவரின் முதல் நாள் வேலை. திட்டங்களின் பதிவு எண், அனுமதி, நிறைவுறும் தேதி ஆகியவற்றை அங்கேயே சரிபார்க்கலாம்.

தனிப்பட்ட ஒருவரின் பழைய வீட்டை மறுவிற்பனை செய்து தருவது பெரும்பாலும் இப்பதிவின் எல்லைக்குள் வராது. அதனாலேயே அத்தகைய விற்பனையில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அங்கே ஆவணங்களைச் சரிபார்த்து வெளியிட ஓர் ஆணையம் இல்லை.

ஆவணங்களைப் படிக்கும் பழக்கம்

முகவர் வழக்கறிஞராக வேண்டியதில்லை. ஆயினும், வழக்கறிஞர் எழுப்பக்கூடிய கேள்விகளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். விற்பவரின் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, வருவாய்த்துறைப் பதிவு, வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி ஆகிய ஆறும் அடிப்படை. வருவாய்த்துறைப் பதிவுக்குத் தமிழ்நாட்டில் பட்டா என்றும், மகாராட்டிரத்தில் சாத்-பாரா என்றும் பெயர். கர்நாடக நகரங்களில் சொத்துவரிப் பதிவைக் காத்தா என்பர். இவை அனுபவத்தையும் வரிப்பொறுப்பையும் காட்டும் பதிவுகளே. உரிமையை மாற்றித் தருவது பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம். பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் மட்டும் நடக்கும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவுபடுத்தியது. இந்த வகைச் சொத்துக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் அரிது.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் சொத்தில் வில்லங்கமே இல்லை என்று பொருளாகாது. பதிவு செய்யப்பட்டவை மட்டுமே அதில் இடம்பெறும். பத்திரங்களை ஒப்படைத்துப் பெறும் அடமானக் கடன்கள் எல்லா மாநிலங்களிலும் அதில் தெரிவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பெற்ற அடமானங்களைப் பதியும் மையப் பதிவகமான 'செர்சாய்' 2011 முதல் இயங்கி வருகிறது. சிறு கட்டணம் செலுத்தி எவரும் அதில் தேடலாம். மூலப் பத்திரத்தைக் காட்டாமல் நகலை மட்டும் காட்டும் விற்பனையாளரிடம், மூலம் எங்கே என்று கேட்பது முகவரின் கடமை.

கடன் மேசையில் அடிக்கடி எழும் தடை ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். தந்தை உயில் எழுதாமல் மறைந்திருப்பார். மகன்கள் இருவர் வீட்டை விற்க முன்வருவார்கள். திருமணமாகிச் சென்ற சகோதரிக்கு 'ஆட்சேபம் எதுவும் இல்லை' என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். முகவர் அதை ஏற்று முன்பணத்தை வாங்கித் தந்துவிடுவார். ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி மறைந்த ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் அனைவருமே முதல் நிலை வாரிசுகள். பிறந்த வீட்டுக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கிவிட்டது. சகோதரியின் கையொப்பமோ, பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமோ இன்றி எந்த வங்கியின் வழக்கறிஞரும் ஒப்புதல் தரமாட்டார். வாரிசுகளில் ஒருவர் மைனர் என்றால் நீதிமன்ற அனுமதியும் தேவைப்படலாம். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஆகும் நேரம் சில நிமிடங்களே. அதைப் பார்க்காததால் நேரும் இழுபறி ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும்.

வாங்குபவரின் கணக்கு

'வங்கி முழுத் தொகையையும் தந்துவிடும்' என்ற உறுதிமொழியை எந்த முகவரும் வழங்கக் கூடாது. ரிசர்வ் வங்கி விதித்துள்ள உச்சவரம்புப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு. அதற்கு மேல் 75 விழுக்காடு. இவை உச்சவரம்புகள். விண்ணப்பதாரரின் வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும் தொகை இன்னும் குறையலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வீட்டின் விலை 60 லட்சம். கடன் அதிகபட்சம் 48 லட்சம். மீதி 12 லட்சம் வாங்குபவரின் கையிருப்பிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7 விழுக்காடு என்று கொண்டால் அதற்கு 4 லட்சத்து 20 ஆயிரம். தரகு 1 விழுக்காடு எனில் 60 ஆயிரம். ஆக, அவர் கையில் ஏறத்தாழ 17 லட்சம் இருந்தால்தான் இந்த வீடு அவருக்குச் சாத்தியம். 12 லட்சம் மட்டுமே வைத்திருப்பவரை இந்த வீட்டுக்கு அழைத்துச் செல்வது அவருக்குச் செய்யும் உதவியாகாது.

மதிப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒப்பந்த விலை, வங்கி மதிப்பீட்டாளர் தரும் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே வங்கி கணக்கில் கொள்ளும். மேற்சொன்ன வீட்டை மதிப்பீட்டாளர் 55 லட்சம் என மதித்தால், கடன் 44 லட்சமாகச் சுருங்கிவிடும். வாங்குபவருக்கு எதிர்பாராத 4 லட்சம் பற்றாக்குறை ஏற்படும். எனவே முன்பண ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட தொகைக்குக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் எப்படி, எத்தனை நாளில் திரும்பும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லும் முகவர் இரு தரப்பாரின் நன்றியையும் பெறுவார்.

தவணையையும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். 48 லட்சம் ரூபாயை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை 41,650 ரூபாயை ஒட்டி அமையும். வாங்குபவர் வீட்டைப் பார்க்கச் செல்வதற்கு முன்பே, தமக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதை வங்கியில் கேட்டறியச் சொல்வது நல்லது. கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சம்பளச் சீட்டையோ விலையையோ திருத்தச் சொல்வது குற்றம். அதற்குத் துணைபோகும் முகவரின் தொழில் அத்துடன் முடிந்துவிடும்.

பணம் செல்லும் வழி

முன்பணத்தை முகவர் தம் கணக்கில் பெறக் கூடாது. அது வாங்குபவரிடமிருந்து நேரே விற்பவரின் வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும். வருமான வரிச் சட்டப்படி, அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகப் பெற முடியாது. மீறினால், பெற்ற தொகைக்கு நிகரான அபராதம் விதிக்கப்படலாம். 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட விலையில் வாங்குபவர், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 விழுக்காட்டை வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டும். இதை இரு தரப்பாருக்கும் முன்கூட்டியே நினைவூட்டுவது முகவரின் வேலை. ரெரா சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டுமான நிறுவனம் பெறக் கூடாது என்பதையும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும்.

தரகுத் தொகையைப் பற்றிய பேச்சு, வீட்டைக் காட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்ற மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொள்வது சிறப்பு. இரு தரப்பிலும் தரகு பெறுவதானால் இரு தரப்பாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். விற்பவர் கேட்கும் விலையை மறைத்து, கூடுதல் விலை சொல்லி, வேறுபாட்டைத் தாமே எடுத்துக்கொள்ளும் வழக்கம் பத்திரப்பதிவு நாளில் எப்படியும் வெளிப்பட்டுவிடும்.

முகவரின் சொந்தக் கணக்கு

இத்தொழிலில் முதல் தரகு கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். ஒரு மாதம் ஒரு லட்சம் வரும், அடுத்த நான்கு மாதங்கள் ஒன்றும் வராது. ஆகவே வீட்டுச் செலவுக்கு ஆறு மாதத் தொகையையேனும் ஒதுக்கி வைத்த பிறகே வேலையை விட்டு இத்தொழிலில் முழுநேரமாக இறங்குவது அறிவுடைமை. தரகுக்கெனத் தனி நடப்புக் கணக்கு வைத்து, அதிலிருந்து மாதந்தோறும் ஒரே தொகையைச் சம்பளம்போலத் தம் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் குடும்பச் செலவு சீராக இருக்கும்.

ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். சில சிறப்பு வகை மாநிலங்களில் இவ்வரம்பு 10 லட்சம். தரகுச் சேவைக்கு வரி 18 விழுக்காடு. ஆண்டு வருவாய் 20 லட்சம் அல்லது அதற்கு மேல் உள்ள முகவர்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழும் பொறுப்புடையவர்கள் என 2020 டிசம்பரில் அரசு அறிவித்தது. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்து, ஆவணங்களைப் பாதுகாத்து, ஐயத்துக்குரிய பணப் பரிமாற்றத்தைத் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு.

சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு குறிப்பிட்ட பங்கை வருமானமாகக் காட்டும் உத்தேச வருமான முறை, தரகு வருமானத்துக்குப் பொருந்தாது. எனவே பயணச் செலவு, விளம்பரம், தொலைபேசி, அலுவலக வாடகை அனைத்துக்கும் ரசீதுடன் கணக்கு வைத்திருக்க வேண்டும். இதன் பயன் வரியோடு முடிவதில்லை. நாளை முகவரே தமக்கொரு வீடு வாங்கக் கடன் கேட்டு வரும்போது, சுயதொழில் செய்வோரிடம் வங்கி பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கேட்கும். பிறருக்குப் பல வீடுகளை வாங்கித் தந்தும், வருமானத்தைக் கணக்கில் காட்டாததால் தமக்கு ஒரு வீட்டுக்கடன் பெற முடியாத நிலை எவருக்கும் வர வேண்டாம்.

முதல் ஆண்டில்

ஊர் முழுவதையும் பிடிக்க முயலாமல் ஒரு பகுதியையோ இரண்டு மூன்று தெருக்கூட்டங்களையோ தேர்ந்துகொள்வது நலம். அங்கு அண்மையில் பதிவான விலைகள், அரசின் வழிகாட்டி மதிப்பு, குடிநீர், கழிவுநீர், மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடங்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். சார்பதிவாளர் அலுவலக நடைமுறை, ஒரு நல்ல வழக்கறிஞரின் தொடர்பு, அருகிலுள்ள வங்கிக் கிளையின் கடன் விதிகள் ஆகிய மூன்றையும் முதல் ஆண்டிலேயே அறிந்து வைத்தவருக்கு இரண்டாம் ஆண்டு எளிதாகும்.

குறையுள்ள சொத்தை 'இது வேண்டாம்' என்று சொல்லும் முகவர் அன்றைய தரகை இழக்கிறார். ஆனால் அந்தக் குடும்பம் அவரை மறப்பதில்லை. தம் தம்பிக்கும் நண்பருக்கும் அவர் பெயரையே சொல்கிறது. கடன், அடமானத் தேடல், நடப்புக் கணக்கு ஆகியவை குறித்த ஐயங்களுக்கு அருகிலுள்ள நம் கிளையை அணுகலாம். அந்தக் கேள்விகளை முன்பணம் கைமாறுவதற்கு முன்பே கேட்பது எல்லோருக்கும் நல்லது.