பைலட் வேலைக்கு நேர்காணல் – நம்ம பொண்ணுங்க தெரிஞ்சுக்க வேண்டியது



"எம் பொண்ணு பைலட் ஆகணும்னு சொல்றா. அதெல்லாம் நமக்கு ஆகுற காரியமா?" குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா இப்படிக் கேட்டார். ஆகும் அக்கா. நம் நாட்டில் நிறையப் பெண்கள் விமானம் ஓட்டுகிறார்கள். ஆனால் லைசென்ஸ் கையில் வந்ததும் வேலை வந்துவிடாது. விமான நிறுவனம் நடத்தும் தேர்விலும் ஜெயிக்க வேண்டும்.

குறைந்த கட்டண விமானங்களில்தான் இன்று வேலை அதிகம். இண்டிகோ 2006-லும், ஆகாசா ஏர் 2022-லும் பறக்கத் தொடங்கின. செலவைக் குறைக்க, இப்படிப்பட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே ரக விமானத்தையே வாங்கும். அந்த ரகத்தை ஓட்ட பைலட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

தேர்வில் என்ன இருக்கும்?

1. எழுத்துத் தேர்வு: வானிலை, வழி கண்டறிதல், விமான விதிகள், இன்ஜின் பற்றிய கேள்விகள்.
2. கம்ப்யூட்டர் தேர்வு: கை, கண், கவனம் ஒன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள்.
3. சிமுலேட்டர்: விமான அறை போலவே இருக்கும் பயிற்சி எந்திரத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும்.
4. நேர்காணல்: பறந்த மணிக்கணக்கு எழுதிய புத்தகத்தைச் சரிபார்ப்பார்கள். அதில் பொய்க்கணக்கு கூடவே கூடாது.

நிறுவனத்துக்கு நிறுவனம் இது கொஞ்சம் மாறும்.

நேர்காணலில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "கேப்டன் தப்பு செய்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?" பெரியவர் ஆச்சே என்று சும்மா இருப்பேன் என்றால் வேலை கிடைக்காது. 1977-ல் ஸ்பெயின் நாட்டின் டெனெரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வராமலே ஒரு கேப்டன் விமானத்தைக் கிளப்பினார். கூட இருந்தவர் சந்தேகப்பட்டுக் கேட்டார்; ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான், மரியாதையாக, ஆனால் தெளிவாகத் தப்பைச் சொல்லும் பழக்கத்தை பைலட்டுகளுக்குப் பாடமாகவே வைத்தார்கள்.

இது நமக்குப் புதுசா? கணக்கு நோட்டில் தப்பு இருந்தால் தலைவியிடமே "அக்கா, இது சரியில்லையே" என்று கேட்கிறோம் அல்லவா? அதே தைரியம்தான். "பொட்டப்புள்ள எதிர்த்துப் பேசாதே" என்று வீட்டில் வாயை அடைத்தால், நேர்காணலில் அவள் எப்படிப் பேசுவாள்?

பணம் கட்டும் முன்:

* படிப்புக்குப் பல லட்சம் ஆகும். நிலம், நகை அடகு வைக்கும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்துவிடுங்கள். உடல்தகுதி இல்லை என்றால் லைசென்ஸே கிடைக்காது.
* லைசென்ஸுக்கு 18 வயதும், 200 மணி நேரம் பறந்த அனுபவமும் வேண்டும்.
* விமான ரகப் பயிற்சிச் செலவு யாருடையது, வேலையில் சேர ஒப்பந்தப் பத்திரம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.
* "நேர்காணல் இல்லாமலே வேலை வாங்கித் தர்றேன்" என்று வரும் புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மகளின் ஆசையைக் கேட்டுச் சிரிக்காமல், அடுத்த கூட்டத்தில் கூடிப் பேசுங்கள். விசாரித்து இறங்கினால் நம்ம பொண்ணும் வானம் ஏறுவாள்!