எறிபவன் தோளும் பட்டை எலும்பும்

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவன் கையை ஓங்கி வீசும்போது, அவனுடைய மேற்கை எலும்பு விநாடிக்கு ஏறத்தாழ 7,000 பாகை வேகத்தில் சுழல்கிறது. அத்தகைய தோளில் ஒருநாள் வலி தோன்றுகிறது. வலி முன்புறத்தில், ஆகவே ஒத்தடமும் மருந்தும் முன்புறத்திற்கே. சில வாரம் ஓய்ந்திருந்து களத்திற்குத் திரும்பினால், வலியும் உடன் திரும்புகிறது. காரணம் யாது? பல சமயங்களில் அது முதுகுப்புறத்தில் இருக்கிறது.

தோள்மூட்டின் கிண்ணம் ஆழமற்றது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, சிறு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்போல அதன்மீது அமர்ந்திருக்கிறது. அந்தத் தட்டு, தோள்பட்டை எலும்பின் ஒரு மூலையேயாகும். பட்டை எலும்போ காறை எலும்பு ஒன்றன் வழியாகவே உடற்கூட்டோடு எலும்புத் தொடர்பு கொண்டது. மற்றபடி அதனை விலாவின்மேல் நிறுத்துபவை தசைகளே. கையைத் தலைக்குமேல் உயர்த்தும் 180 பாகையில், ஏறத்தாழ 120 மூட்டிலும் 60 பட்டை எலும்பின் சுழற்சியிலும் நிகழ்கின்றன. இவ்விகிதத்தை இன்மன் முதலிய ஆய்வாளர் 1944-ஆம் ஆண்டில் விளக்கினர்.

பழம் நகரும்போது தட்டும் சாய்ந்து கொடுத்தால், பழம் நிலைபெறும். தாங்கும் தசைகள் சோர்ந்துவிட்டால், பட்டை எலும்பு முன்னோக்கிச் சரிகிறது. அதன் உள்விளிம்பு சிறகுபோலப் புடைக்கிறது. கை எழும், கிண்ணம் உடன் திரும்பாது. அந்நிலையில் மூட்டைச் சூழ்ந்த தசைநார்கள் நசுங்கவும், கிண்ணத்தின் விளிம்பு கிழியவும் கூடும்.

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளி கையை உயர்த்தும்போது, மருத்துவர் தம் கையால் பட்டை எலும்பின் கீழ்முனையை உந்தி, அது சுழல உதவுகிறார். அப்பொழுது வலி குறைந்தால், குறையில் பட்டை எலும்புக்கும் பங்குண்டு என்பது தெளிவு.

ஆயினும் அவசர முடிவு கூடாது. நாள்தோறும் ஒரே கையால் எறிபவர்க்கு இரு பட்டை எலும்புகளும் ஒத்திராமை இயல்பாகவும் அமையும். வலியே தசையை அடக்கிப் பட்டை எலும்பைச் சரியச் செய்வதும் உண்டு. எனவே தோற்றத்தை மட்டும் கண்டு நோயென்று கூறலாகாது.

பயிற்சியாளர் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. எறியும் வேகம் தோளில் மட்டும் பிறப்பதன்று. தரையை உந்தும் காலில் தொடங்கி, இடுப்பும் முதுகும் கடந்து, பட்டை எலும்பின் வழியே கையை அடைகிறது. காலும் இடுப்பும் தளர்ந்தால் அவற்றின் கடனைத் தோள் இறுக்க நேரும். ஆகவே தோளுக்கு ஓய்வளிக்கும் நாட்களிலேயே கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் தசைகளை வலுப்படுத்தத் தொடங்குதல் வேண்டும். இளம் வீரனின் தோள் நெடுநாள் உழைக்க அதுவே நல்வழி.