விளையும் பயிர் முளையில் தெரியுமா?



காங்கேயம் பக்கம் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? சித்திரை மாதம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டிப் பெரிய சந்தை கூடும். அங்கே கன்று வாங்க வரும் பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். குளம்பைப் பார்ப்பார்கள். திமிலைத் தடவிப் பார்ப்பார்கள். "கொஞ்சம் நடக்க விடுங்க, பாக்கலாம்" என்பார்கள். அவர்கள் விலை பேசுவது இன்றைக்கு நிற்கும் கன்றுக்கு அல்ல. சில வருடங்கள் கழித்து வண்டி இழுக்கப் போகிற காளைக்கு!

காங்கேயம் கன்றிடம் ஒரு வேடிக்கை உண்டு. பிறக்கும்போது அது செவலை நிறமாக இருக்கும். சுமார் ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். காளையாக வளர்ந்த பிறகு திமிலும் கழுத்தும் கறுத்து, கம்பீரமாக நிற்கும். பிறந்த கன்றின் நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் என்ன ஆகும்? ஏமாந்துதான் போவோம்.

கன்றைப் பார்த்துக் காளையை ஊகிக்கும் இந்த வேலையை, விளையாட்டு வீரர்களை வைத்து ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டில் பெரிய அளவில் செய்கிறார்கள். அந்த நாடு அமெரிக்கா. விளையாட்டு, பேஸ்பால்.

வசந்தகால முகாம்

நமக்குக் கிரிக்கெட் போல அமெரிக்கர்களுக்கு பேஸ்பால். அங்கே முதல்தரப் போட்டியில் 30 அணிகள் ஆடுகின்றன. மார்ச் கடைசியில் போட்டிகள் தொடங்கும். அதற்கு முன்னால், பிப்ரவரி நடுவிலிருந்து சுமார் ஆறு வாரம் 'வசந்தகாலப் பயிற்சி' நடக்கும். அப்போது வடக்கே பல ஊர்களில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஆகவே 15 அணிகள் புளோரிடாவுக்கும், 15 அணிகள் அரிசோனாவுக்கும் போய்விடும். இரண்டுமே வெயில் அடிக்கும் மாநிலங்கள்.

ஓர் அணியின் பட்டியலில் 40 பேர் இருப்பார்கள். அவர்களோடு, பட்டியலில் இல்லாத பல இளைஞர்களையும் முகாமுக்கு அழைப்பார்கள். ஆனால் போட்டி தொடங்கும்போது அணியில் இடம் 26 பேருக்குத்தான். மற்றவர்கள்? வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? பெரும்பாலும் இல்லை. கீழ்நிலை அணிகளுக்கு அனுப்புவார்கள். அங்கே படிப்படியாகப் பல நிலைகள் இருக்கின்றன. நாம் ஒவ்வொரு வகுப்பாக ஏறுகிறோமே, அதுபோல!

இரண்டு மதிப்பெண்கள்

இளம் வீரரிடம் எதைப் பார்ப்பார்கள்? முக்கியமாக ஐந்து திறமைகள். மட்டையால் பந்தைச் சரியாக அடிப்பது, தூரமாக அடிப்பது, வேகமாக ஓடுவது, பந்தைத் தடுத்துப் பிடிப்பது, வலுவாக எறிவது. பந்து வீசுபவர் என்றால் வேகம், பந்தின் வளைவு, குறி தவறாமை ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

இவற்றுக்கு மதிப்பெண் உண்டு. நம் பள்ளியைப் போல 0 முதல் 100 வரை அல்ல. 20 முதல் 80 வரை! முதல்தர அணியில் ஆடும் ஒரு சராசரி வீரருக்கு 50. மிக அபூர்வமான திறமைக்கு 80.

இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. இளம் வீரருக்கு ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு மதிப்பெண் போடுவார்கள். ஒன்று, இன்று அவர் எப்படி ஆடுகிறார் என்பதற்கு. இன்னொன்று, வளர்ந்த பிறகு எப்படி ஆடுவார் என்பதற்கு. ஒரு பையன் இன்று 30 வாங்கலாம். அவனுக்கே நாளைய மதிப்பெண் 60 என்று எழுதியிருக்கலாம்!

முகாமில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில் எடுக்கும் ஓட்டங்களை மட்டும் பயிற்சியாளர்கள் நம்பிவிடுவதில்லை. ஏன் தெரியுமா? எதிரே பந்து வீசுபவர் அனுபவமே இல்லாத புதியவராக இருக்கலாம். அல்லது பெரிய வீரர் ஒருவர் புது வகைப் பந்தை வீசிப் பழகிக்கொண்டிருக்கலாம். அதனால் எத்தனை ஓட்டம் என்பதை விட, எப்படி ஆடினான் என்று பார்க்கிறார்கள். நேற்றுச் சொன்ன திருத்தத்தை இன்று செய்கிறானா? தவறு செய்த பிறகு சோர்ந்து போகிறானா, அடுத்த பந்துக்குத் தயாராகிறானா? இதற்கெல்லாம் ஒரு நாள் பார்த்தால் போதாது. அதற்காகத்தான் தினமும் பார்க்கிறார்கள்.

நம் நாட்டு இளைஞர்கள் இருவர்

இந்த முகாம்களின் உலகத்துக்குள் நம் நாட்டு இளைஞர்கள் இருவரும் நுழைந்தார்கள். 2008-ல் இந்தியாவில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பந்து எறியும் போட்டி நடந்தது. பல நகரங்களில் 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங் மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் பரிசு வென்றார். அவரோடு தேர்வானவர் அதே மாநிலத்தின் தினேஷ் படேல். இருவரும் ஈட்டி எறியும் வீரர்கள். பேஸ்பால் ஆடியதே இல்லை!

அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளர் அவர்களுக்கு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில் அந்த அணியின் கீழ்நிலைக் குழு ஒன்றுக்காக ரிங்கு பந்து வீசினார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியர் அவர்தான்.

பிறகு என்ன ஆயிற்று? தினேஷ் 2010-ல் விடுவிக்கப்பட்டு இந்தியா திரும்பினார். ரிங்கு இன்னும் சில வருடங்கள் ஆடினார். காயங்களும் வந்தன. முதல்தர அணி வரை இருவராலும் போக முடியவில்லை. கையில் வேகம் இருந்தது. ஆனால் சிறு வயதிலிருந்து ஆடி ஆடிப் பழகும் அனுபவத்தை இரண்டு மூன்று வருடங்களில் பெறுவது எளிதா? பின்னர் ரிங்கு மல்யுத்தக் காட்சிப் போட்டிகளுக்குப் போய் அங்கே பெயர் பெற்றார்.

தேர்வாளர்கள் தவறியபோது

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்களே, தேர்வாளர்கள் தவறுவதே இல்லையா? நிறையத் தவறியிருக்கிறார்கள்!

வெனிசுலா நாட்டுச் சிறுவன் ஹோசே அல்தூவே ஒரு தேர்வுக்குப் போனான். "நீ ரொம்பக் குள்ளம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே தன் பிறப்புச் சான்றிதழுடன் திரும்பி வந்து நின்றான். 2007-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி வெறும் 15 ஆயிரம் டாலருக்கு அவனை எடுத்தது. அதே அல்தூவே 2017-ல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். உயரம் சுமார் ஐந்தரை அடிதான்!

மைக் பியாசா 1988-ல் நடந்த தேர்வில் 1,390-வது ஆளாக எடுக்கப்பட்டார். அதுவும் குடும்ப நண்பர் ஒருவர் சொன்னதற்காக. 2016-ல் அவர் பேஸ்பாலின் புகழ்மிக்கோர் மண்டபத்தில் இடம்பெற்றார்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பில்லி பீன் என்ற இளைஞரைப் பார்த்த தேர்வாளர்கள், "ஐந்து திறமையும் இருக்கிறது, பெரிய நட்சத்திரமாக வருவான்" என்றார்கள். 1980-ல் முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். ஆனால் அவர் வீரராகச் சோபிக்கவில்லை. பிற்பாடு ஓக்லாந்து அணியின் நிர்வாகியானார். தோற்றத்தைப் பார்த்து மயங்காமல், கணக்கைப் பார்த்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தார். 2002-ல் அந்த அணி தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்றது!

நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை உங்களுக்குத் தெரியுமே! 2015-ல் அவர் பந்து வீசும் முறையில் சந்தேகம் எழுப்பினார்கள். அவர் ஒதுங்கிப் போய்விடவில்லை. பொறுமையாகத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரு நாள், டி20, டெஸ்ட் என மூன்று வகையிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

பெயர் வாசிக்கப்படாத தம்பி, தங்கைக்கு

பள்ளியில் அணித் தேர்வு நடக்கும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெயர் வாசிப்பார்கள். உன் பெயர் வராது. அழுகை முட்டும், இல்லையா?

ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரே வகுப்பில் படித்தாலும் எல்லோரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் அல்ல. கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் கூட இருக்கும். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை 1980-களில் ஆராய்ந்தார்கள். வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தார்கள். காரணம், அங்கே வயதைக் கணக்கிடுவது ஜனவரி முதல் தேதியிலிருந்து. சிறு வயதில் சில மாதம் மூத்தவர்கள் உயரமாக, பலமாகத் தெரிவார்கள். அவர்களையே தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்கே நல்ல பயிற்சியும் கிடைக்கும்.

எட்டாம் வகுப்பில் என் தோளுக்குக் கீழே நின்ற பையன்கள், பத்தாம் வகுப்பில் என்னைக் குனிந்து பார்த்துப் பேசியதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். இன்றைய தேர்வு இன்றைய மதிப்பெண்ணைத்தான் சொல்லும். நாளைய மதிப்பெண்ணை யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது.

பெயர் வாசிக்கப்பட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பில்லி பீனை மறந்துவிடாதீர்கள்!

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. பொய்யில்லை. ஆனால் யாருக்குத் தெரியும்? தினமும் காலையில் வயலுக்குப் போய் வரப்பில் நின்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும். முளையைப் பார்த்த பிறகும் அவர் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துவதில்லை.

செய்து பாருங்கள்!

ஒரு நோட்டில் உங்களுக்குப் பிடித்த விளையாட்டின் ஐந்து திறமைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் 'இன்று', இன்னொன்றில் 'ஒரு வருடம் கழித்து' என்று எழுதி, 20 முதல் 80-க்குள் நீங்களே மதிப்பெண் போடுங்கள். நண்பரையும் போடச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள்.

மைதானத்தில் 90 அடி, அதாவது 27 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை அளந்து ஓடுங்கள். பேஸ்பாலில் பந்தை அடித்ததும் முதல் தளத்துக்கு ஓட வேண்டிய தூரம் இதுதான். வலக்கை ஆட்டக்காரர் சராசரியாக 4.3 விநாடியில் ஓடிவிடுகிறார். உங்கள் நேரத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை ஓடிப் பாருங்கள். சாலையில் வேண்டாம், மைதானத்தில் மட்டும்!

அடுத்த வருடம் அந்த நோட்டைத் திறக்கும்போது, செவலைக் கன்று எந்த அளவுக்கு நிறம் மாறியிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.