செங்கத்துக் கல்லும் சேந்தமங்கலத்துச் சிறையும்

ஊத்தங்கரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்த வழி பழக்கம். சிங்காரப்பேட்டை தாண்டியதும் மலைகள் நெருங்கி வரும். கணவாயைக் கடந்தால் செங்கம். இன்று அது ஒரு சாலை, அவ்வளவுதான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மேட்டு நிலத்து ஹொய்சள அரசுக்கும் கீழ்நாட்டுச் சோழ அரசுக்கும் இடையிலிருந்த வாசல்களில் இதுவும் ஒன்று. இப்படிப்பட்ட வாசல்களையும் அவற்றின் கீழேயிருந்த ஆற்றுவெளிகளையும் காத்தவர்கள் குறுநில மன்னர்கள். தகடூரில் அதியமான்கள், வடக்கே சம்புவராயர்கள், ஆறகழூரில் மகதை வாணர்கள், கெடிலக்கரையில் காடவராயர்கள்.

மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தில் இவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் செங்கத்துக் கோயில் கல்லில் உள்ளன. தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள், செங்கேணிச் சம்புவராயர், கரிகாலசோழ ஆடையூர் நாடாழ்வான் ஆகியோர் ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்று சொல்கிறார்கள். சோழனுக்கு அடங்கியவர்கள் சோழனைக் கேட்காமலே யார் நண்பன், யார் பகைவன் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொள்கிறார்கள். பேரரசு உள்ளே எவ்வளவு உளுத்துப்போயிருந்தது என்பதை எந்தப் போர்க்களச் செய்தியைவிடவும் இந்தக் கல் எனக்குத் தெளிவாகச் சொல்கிறது.

அந்த உளுத்த மரத்தைப் பிளந்தவர் சேந்தமங்கலத்துக் காடவராயர் கோப்பெருஞ்சிங்கர். அவருடைய ஊர் இன்றைய உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். பல்லவர் வழி வந்தவர்கள் என்று காடவர்கள் சொல்லிக்கொண்டாலும், தலைமுறை தலைமுறையாகச் சோழருக்குப் படை நடத்தியவர்கள். இந்தப் பெயரில் தந்தையும் மகனுமாக இருவர் இருந்தனர் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. சோழனைப் பிடித்தவர் தந்தை. அதன் பலனைப் பேரரசன் கோலத்தில் அனுபவித்தவர் மகன்.

1216ஐ ஒட்டி மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டில் புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். ஹொய்சளர் குறுக்கே வந்ததால் சோழனுக்கு நாடு திரும்பக் கிடைத்தது. குலோத்துங்கனுக்கு அடுத்து வந்த மூன்றாம் இராசராசன் மீண்டும் பாண்டியனோடு மோதித் தோற்று, ஹொய்சளரிடம் போய்ச் சேர வடக்கே ஓடினான். வந்தவாசிக்குப் பக்கத்திலுள்ள தெள்ளாற்றில் அவனை மறித்தார் கோப்பெருஞ்சிங்கர். தோற்ற சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தார். தான் யாருக்கு அடங்கியவரோ அந்தச் சக்கரவர்த்தியையே பூட்டி வைத்த துணிச்சல் அது. பாண்டியன் தெற்கில் ஓங்கி நின்றதால் வந்த துணிச்சல் என்றே நான் நினைக்கிறேன்.

செய்தி ஹொய்சளத் தலைநகர் துவாரசமுத்திரத்துக்கு எட்டியது. ஹொய்சள இரண்டாம் நரசிம்மன் சினந்து எழுந்ததைக் கடலூருக்கு அருகேயுள்ள திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு (இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டு, 1231–32) விரிவாகச் சொல்கிறது. வரும் வழியில் நரசிம்மன் ஆறகழூர் வாணர்களின் மகதை நாட்டை வேரறுத்தான். ஆறகழூர் நமக்குத் தூரமில்லை. ஆத்தூர்ப் பக்கத்து ஊர்தான். பிறகு திருவரங்கத்தருகே பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற தண்டநாயகர் இருவரைச் சேந்தமங்கலத்தின் மேல் ஏவினான்.

அதற்குப் பிறகு அந்தக் கல்வெட்டைப் படிப்பது எளிதாக இல்லை. எள்ளேரி, கள்ளியூர்மூலை, தொழுதகையூர் என்று அழிக்கப்பட்ட ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஈழத்துப் பராக்கிரமபாகு உள்ளிட்டோரைக் கொன்றார்கள். நடுவில் தில்லைப் பொன்னம்பலத்தில் வழிபாடு. பிறகு மீண்டும் தீ, மரம் வெட்டு, பெண்களைச் சிறைபிடிப்பு. இத்தனையும் வெட்கத்தோடு எழுதப்படவில்லை. வெற்றிச் செய்தியாக எழுதப்பட்டிருக்கிறது. சோழனை விட்டுவிடுகிறேன் என்று கோப்பெருஞ்சிங்கர் சொல்லியனுப்ப, சோழன் வெளியே வந்தான். வந்தவாசிப் பக்கத்து வயலூர்க் கல்வெட்டிலோ காடவரின் தெள்ளாற்று வெற்றி பாட்டாக முழங்குகிறது. எள்ளேரிக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு மட்டும் கல் இல்லை.

இந்த இடத்தில் எனக்குச் செங்கத்து நடுகற்கள் நினைவுக்கு வந்துவிடும். பல்லவ மகேந்திரவர்மன் காலத்தில் எடுத்தனூரில் நட்ட கல் ஒன்றில், தொறுவை (மாட்டு மந்தையை)க் காத்து மாண்ட வீரனோடு, திருடர் இருவரைக் கடித்து நின்ற நாய்க்கும் இடம் இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். ஒரு நாயின் பெயரைக்கூட மறக்காத மண், அறுநூறு ஆண்டு கழித்து ஊர் ஊராக எரிந்தபோது பெயர் எழுத யாரையும் தேடவில்லை.

தோற்றதோடு காடவர் ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை, வளர்ந்தார்கள். காரணம், அவர்களை அடக்க வந்தவர்களே ஒருவருக்கொருவர் பகையானார்கள். சோழனைக் காத்த ஹொய்சளர், அடுத்த சோழன் மூன்றாம் இராசேந்திரன் பாண்டியனை வென்று தலைநிமிர்ந்ததும் பாண்டியன் பக்கம் சாய்ந்தார்கள். ஹொய்சள சோமேசுவரனுக்குக் காலனானவன் என்று இராசேந்திரனின் கல்வெட்டு பெருமை பேசுகிறது. சோமேசுவரன் அவனுக்கு மாமன் முறை! இந்தச் சண்டைகளின் இடுக்கில் 1243 முதல் மகன் கோப்பெருஞ்சிங்கர் தன் பெயரிலேயே ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கினார். ‘சகலபுவனச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் சூடினார். பெரம்பலூரில் ஹொய்சளத் தண்டநாயகர்களை வென்று, அவர்களுடைய பெண்டிரையும் பண்டாரத்தையும் கைப்பற்றிய செய்தி விருத்தாசலம் கோயிலில் உள்ளது. அந்தச் செயலுக்குக் கழுவாயாக, அந்தக் கோயில் இறைவனுக்கு மணி பதித்த நெற்றிப்பட்டம் ஒன்றைச் செய்து சாத்தியிருக்கிறார்கள். பட்டத்தின் பெயர் ‘அவனி ஆளப்பிறந்தான்’. அது காடவரின் விருதுப் பெயரே. கழுவாயிலும் தன் பெயரை விட மனம் வரவில்லை. ஆனாலும் கழுவாய் தேவை என்று ஒரு போர்த்தலைவனுக்குத் தோன்றியதை நான் சிறிதாக எண்ணவில்லை. இந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் நான் அப்படி நெஞ்சு உறுத்தியதைக் கண்ட இடம் அது ஒன்றுதான்.

மகன் கோப்பெருஞ்சிங்கரின் கை வடக்கே கோதாவரிப் பக்கம்வரை நீண்டது. திராட்சாராமத்தில் 1262இல் பொறித்த கல்வெட்டு, காகதிய கணபதியோடு அவருக்கிருந்த நல்லுறவைச் சொல்கிறது. தில்லையின் கிழக்குக் கோபுரம் அவர் பணி. உள்வழியில் அணிவகுக்கும் கரண நடனச் சிற்பங்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் 1251இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தர பாண்டியனிடம் இந்தச் சாமர்த்தியம் எடுபடவில்லை. காடவர் அனுப்பிய திறையை மறுத்து, சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானைகளையும் செல்வத்தையும் எடுத்துக்கொண்டு, நாட்டைத் திருப்பிக் கொடுத்தான் அவன். எழுந்து நின்ற சிங்கம் மீண்டும் ஒருவருக்கு அடங்கியது. அவருடைய கடைசி ஆட்சியாண்டு 1279ஐ ஒட்டி முடிகிறது. கடைசிச் சோழன் மூன்றாம் இராசேந்திரனின் பெயரும் அதே 1279ஓடு மறைகிறது.

அந்த ஆண்டுகளிலேயே சோமேசுவரனின் மகன் இராமநாதனும் காவிரிப் பக்கத்துத் தன் தலைநகர் கண்ணனூரை இழந்து, மேட்டு நிலத்துக்கே திரும்பினான். சோழனைக் காக்க இறங்கி வந்த ஹொய்சளரின் ஒரு கிளை, கடைசியில் ஒதுங்கி அரசிருந்த இடம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணி.