‘ஒண்ணும் செய்யல’ என்பவரை நடக்கவிட்டால்

இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு மெல்லிய இதழ்களால் ஆன வால்வு ஒன்று உண்டு. மைட்ரல் வால்வு என்று பெயர். கீழறை சுருங்கி ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும்போது இந்த இதழ்கள் இறுக மூடிக்கொள்ள வேண்டும். சரியாக மூடாவிட்டால் ஒரு பங்கு ரத்தம் வந்த வழியே மேலறைக்குத் திரும்பிவிடும். துடிப்புக்கு 60 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ திரும்பினால் அது கடுமையான கசிவு. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று பெருக்கிப் பாருங்கள், நான்கு லிட்டரைத் தாண்டும். இத்தனை ரத்தம் மேலும் கீழும் வீணாக அலைய, அந்த ஆள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் செய்யலியே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

இதயம் ஈடுகட்டிக்கொள்கிறது. கீழறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி அதிக ரத்தத்தைக் கையாளப் பழகுகிறது. மேலறை விரிந்துகொடுத்து, திரும்பிவரும் அழுத்தம் நுரையீரலை எட்டாமல் பார்த்துக்கொள்கிறது. எக்கோ ரிப்போர்ட்டும் நம்மை ஏமாற்றும். கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன் ரத்தத்தில் 60 சதவீதத்தை வெளியேற்றினால், சாதாரண ஆளுக்கு அது நல்ல கணக்கு. கசிவுள்ளவருக்கோ பாதி ரத்தம் எளிய பின்வழியில் போய்விடுவதால் எண் இன்னும் மேலே நிற்க வேண்டும். அது 60க்கு இறங்கினாலே ஆபரேஷன் பேச்சு தொடங்கிவிடும்.

அந்த ஆளும் தன்னையறியாமல் ஈடுகட்டுகிறார். உதாரணத்துக்கு, அச்சன்புதூருக்குப் பக்கத்தில் பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயில் இருக்கிறது. மலைமேல் ஏற அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள். இப்போது வண்டிப் பாதையும் உண்டு. ஒரு காலத்தில் விறுவிறுவென்று படியேறியவர் இன்று வேனில் போவார். கேட்டால், "வயசாயிட்டுல்லா" என்பார். வயலுக்கு நடந்தவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் போவார். மூச்சு இளைக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டவருக்கு மூச்சு எப்படி இளைக்கும்? "இளைக்குதா?" என்று கேட்பதைவிட, "போன வருஷம் செஞ்ச எதை இப்ப விட்டுட்டீங்க?" என்று கேட்பது நல்ல கேள்வி என்பது என் கட்சி.

டிரெட்மில் அந்தக் கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்கிறது. சியாட்டிலைச் சேர்ந்த இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறை இன்றும் நம் ஊர் ‘டிஎம்டி’ அறைகளில் ஓடுகிறது. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீதச் சரிவு என்று தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனை ஒன்று என்று வைத்து, அதைப் போல எத்தனை மடங்கு உழைப்பை அந்த உடம்பு தாங்கியது என்று கணக்கிடுவார்கள். அதை அவருடைய வயதுக்கும் பாலினத்துக்கும் எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிடுவார்கள். பெல்ட் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு தணிவதற்குள் அவசர அவசரமாக எக்கோ எடுப்பதும் உண்டு. படுத்திருக்கையில் பதுங்கியிருந்த கசிவு சிலருக்கு அப்போதுதான் பெருகித் தெரியும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற கசிவு நோயாளிகளை உழைக்கவைத்துச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உழைப்புத் திறன் நன்றாகவே குறைந்திருந்தது. அவர்களுக்கே பின்னாளில் தொல்லைகளும் கூடுதலாக வந்தன. கிளீவ்லண்ட் கிளினிக் எண்ணூறுக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது. எதிர்பார்த்த அளவுக்கு உழைக்க முடியாதவர்களுக்கும், நின்ற பிறகு நாடித்துடிப்பு சட்டென்று இறங்காதவர்களுக்கும் பின்விளைவு மோசம். முதல் நிமிடத்தில் 12 துடிப்புக்கு மேல் இறங்க வேண்டும் என்பது 1999இலிருந்து வழங்கும் கணக்கு.

இதைப் படித்துவிட்டு யாரும் கையில் வாட்சுடன் திருமலைப் படியேறிச் சோதித்துக்கொள்ள வேண்டாம். ஈசிஜி, பிபி பார்க்கிற ஆள் பக்கத்தில் இருந்தால்தான் இது சோதனை. ஏற்கெனவே இளைப்பு இருப்பவருக்குப் பெரும்பாலும் இது தேவையும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆய்வுகளில் வந்தவர்களில் பெரும்பாலோர் வால்வின் திசு தளர்ந்து கசிவு வந்தவர்கள். நம் நாட்டிலோ சிறுவயதுத் தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் இன்றும் வால்வுகளைக் கெடுக்கிறது. அதற்காக மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கசிவோடு வால்வு சுருக்கமும் சேர்ந்திருக்கலாம். அமெரிக்கக் கணக்கை அப்படியே அவர்களுக்குப் பொருத்த முடியாது.

கணக்கும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. உழைக்கும்போது நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் 60 மில்லிமீட்டரை எட்டினால் ஆபரேஷனை யோசிக்கலாம் என்று ஐரோப்பிய இதய மருத்துவர்களின் வழிகாட்டி 2012இல் சொன்னது. 2017 பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். வயதானால், வால்வு நன்றாக இருப்பவர்களில்கூடச் சிலருக்கு உழைக்கும்போது அந்த எண் 60ஐத் தாண்டுகிறது.