தெளிப்பானின் பாட்டரியை மாற்றும் முன்

முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பாட்டரித் தெளிப்பான்கள் வாங்கிய இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே சோர்ந்துவிடுவதாகப் பல விவசாயிகள் குறைப்படுகிறார்கள். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் பதினைந்து டாங்கி அடித்த தெளிப்பான், மூன்றாவது டாங்கியிலேயே விசை குறைந்து, புகைபோல் தெளிக்காமல் பெரிய துளிகளாகச் சொட்டத் தொடங்கும். மருந்து பாதி வயலில் சரியாகப் படும். மீதி வயலில் பூச்சி தப்பிவிடும். சிலர் தெளிப்பானையே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். இது வீண் செலவு. தொட்டியும் பம்பும் நன்றாக இருந்தால், பாட்டரியை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். அதற்குப் புதுத் தெளிப்பானின் விலையில் பாதிகூட ஆகாது.

ஆனால் பழுது பாட்டரியில்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். நாசிலிலும் தொட்டிக்குள் உள்ள வடிகட்டியிலும் மருந்துக் கசடு அடைத்திருந்தாலும் இதே போலத்தான் விசை குறையும். பாட்டரி முனைகளில் பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருந்தாலும், கவ்வி தளர்ந்திருந்தாலும் மின்சாரம் சரியாகப் போகாது. இவற்றைச் சுத்தம் செய்து பார்த்த பிறகே பாட்டரியைச் சந்தேகிக்கலாம்.

மீட்டர் வைத்துச் சோதித்தல்

பெரும்பாலான தெளிப்பான்களின் அடிப்பகுதியில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய ஈய அமில பாட்டரி. மோட்டார் சைக்கிள் பாட்டரியின் இனத்தைச் சேர்ந்ததே. அமிலம் மட்டும் ததும்பாமல் கண்ணாடி நார்ப் பஞ்சில் ஊறியிருக்கும். உள்ளே இரண்டு வோல்ட் வீதம் ஆறு அறைகள் உண்டு. இவற்றில் ஓர் அறை கெட்டாலும் பாட்டரி முழுவதும் கெட்டது போலத்தான்.

மின்சாரப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். கிராமத்தில் மோட்டார் பழுது பார்ப்பவரிடமும் இது இருக்கும். இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, நாலைந்து மணி நேரம் சும்மா விட்டுப் பிறகு அளக்க வேண்டும். 12.7 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் சார்ஜ் முழுமையாக ஏறியிருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் நிற்கிறது. இத்தோடு நிறுத்தினால் ஏமாந்து போக நேரிடும். சக்தியிழந்த பாட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல அளவையே காட்டுவதுண்டு. ஆகவே தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி, மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, பாட்டரியின் முனைகளிலேயே மீண்டும் அளக்க வேண்டும். அளவு 12-ஐ ஒட்டி நின்றும் விசை இல்லை என்றால் கோளாறு பம்பிலோ, விசைக் கட்டுப்பாட்டுக் குமிழிலோ இருக்கிறது. சில நிமிடங்களிலேயே 11-க்குக் கீழே சரிந்தால் பாட்டரியின் ஆயுள் முடிந்தது எனக் கொள்ளலாம். சார்ஜரை மாட்டிய சற்று நேரத்திலேயே பச்சை விளக்கு எரிவதும் கெட்ட அறிகுறியே. பக்கங்கள் உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம். உடனே மாற்றிவிட வேண்டும்.

மேல் மூடியைப் பெயர்த்து வாலைநீர் ஊற்றினால் பாட்டரி பிழைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். சில நாட்களுக்கு ஓடினாலும் ஓடும். ஆனால் மருந்து கலந்து வயலுக்குப் போன பிறகு அது நின்றால், மிச்சப்பட்ட பணத்தைவிட நஷ்டமே அதிகம்.

சார்ஜரும் காரணமாகலாம்

பாட்டரியை மாற்றியும் ஆறே மாதத்தில் மீண்டும் கெடுகிறது என்றால் சார்ஜரைப் பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பாட்டரியில் மாட்டியபடியே, சார்ஜ் முடியும் நேரத்தில் அளந்தால் 14.4 முதல் 14.8 வோல்ட் வரை இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் சார்ஜர் கெட்டது. அது உள்ளேயிருக்கும் நீரை வற்றச் செய்து, எந்தப் புது பாட்டரியையும் கொன்றுவிடும். நெடுநேரம் மாட்டியும் 13-ஐ எட்டாவிட்டால், சார்ஜர், பாட்டரி இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டியதுதான்.

புது பாட்டரி வாங்கும்போது

வோல்ட், ஆம்பியர்-மணி இரண்டோடு நீள அகலமும் ஒத்திருக்க வேண்டும். 7, 8, 9 ஆம்பியர்-மணி பாட்டரிகள் பெரும்பாலும் ஒரே அளவுப் பெட்டியில் வருகின்றன: நீளம் 151 மில்லிமீட்டர், அகலம் 65 மில்லிமீட்டர். 12 ஆம்பியர்-மணி பாட்டரியின் அகலம் 98 மில்லிமீட்டர். அது பழைய அறையில் உட்காராது, முதுகில் சுமையும் கூடும். வெகுநாள் கடையில் கிடந்த பாட்டரி புதிதானாலும் பழையதுதான். தயாரித்த தேதியைப் பார்த்து, கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். 12.4-க்குக் குறைந்தால் வாங்க வேண்டாம்.

மேலே எழுதியிருக்கும் 8 ஆம்பியர்-மணி என்பது, 20 மணி நேரத்தில் சிறிது சிறிதாகச் செலவிட்டால் கிடைக்கும் கணக்கு. மோட்டார் 2 முதல் 3 ஆம்பியர் வரை இழுப்பதால், புது பாட்டரியே நாலு மணி நேரம் ஓடவில்லையே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டரை மணி நேரம் ஓடினால் நல்ல பாட்டரியே.

மாற்றுவதற்கு முன் தொட்டியையும் குழாயையும் மும்முறை கழுவிவிட வேண்டும். மருந்து ஊறிய அடிப்பகுதியில் வெறுங்கையை நுழைப்பது ஆபத்து. ரப்பர் கையுறை அவசியம். சிவப்புக் கம்பி கூட்டல் முனைக்கு, கறுப்பு கழித்தல் முனைக்கு. மாறிவிட்டால் மோட்டாரோ சார்ஜரோ புகைந்துவிடும். இரு முனைகளையும் ஒருசேர ஸ்பானர் தொட்டால் தீப்பொறி பறக்கும் என்பதையும் மறக்கலாகாது.

லித்தியம் போடலாமா?

எடை பாதிக்கும் குறைவு, அதிக நேரம் ஓடும் என்பதால் லித்தியம் பாட்டரிக்கு மாற விரும்புவோர் உண்டு. மாறலாம், ஆனால் பழைய சார்ஜரை அதற்கு மாட்டவே கூடாது. மூன்று லித்தியம்-அயான் செல்களை வரிசையாகச் சேர்த்த கட்டு 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும். ஈய பாட்டரிக்கான சார்ஜரோ 14 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். செல்கள் சூடேறி, வெடித்துத் தீப்பிடிக்கக்கூடும். வைக்கோல் போரும் மாட்டுக் கொட்டகையும் உள்ள இடத்தில் இரவு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். லித்தியம் இரும்புப் பாஸ்பேட் என்ற வகையில் நாலு செல்கள் 14.6 வோல்ட்டில் நிறைகின்றன. இவ்வகை தீ விஷயத்தில் மற்றதைவிடப் பாதுகாப்பானது என்றாலும், இதற்கும் உரிய சார்ஜரே வேண்டும்.

பழைய மடிக்கணினி பாட்டரிகளைப் பிரித்து, கிடைத்த செல்களைக் கட்டிக் கொடுக்கும் வழக்கமும் பரவி வருகிறது. பழசும் புதுசும் கலந்த கட்டில் பலவீனமான செல்தான் முதலில் காலியாகும், முதலில் நிறைந்தும் சூடேறும். செல்லின் மேல் நேரடியாக ஈயம் பற்றவைப்பதும் அதைக் கெடுக்கும். நிக்கல் பட்டையை அதற்குரிய இயந்திரத்தால்தான் ஒட்ட வேண்டும். ஒரே வகைப் புதுச் செல்களும், காவல் சுற்றுப் பலகையும், உரிய சார்ஜரும் சேர்த்துத் தருவாரா என்று கேட்டு, பில்லில் எழுதித் தரச் சம்மதித்தால் மட்டும் வாங்கலாம்.

ஈய பாட்டரி கெடுவது பெரும்பாலும் வேலை செய்து அல்ல, சும்மா கிடந்துதான். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை முடிந்ததும் தெளிப்பானைக் காலி பாட்டரியோடு பரணில் ஏற்றிவிட்டு, குறுவைக்குத்தான் இறக்குகிறார்கள். நாலைந்து மாதம் வெயிலில் வேகும் கூரைக்கடியில் கிடந்த பாட்டரியின் தகடுகளில் ஈயச் சல்பேட்டு கெட்டியாகப் படிந்து, பிறகு சார்ஜையே ஏற்காது. மருந்தடித்த அன்றே சார்ஜ் ஏற்றி, வேலையில்லாத காலத்திலும் மாதம் ஒரு முறை ஏற்றிவர வேண்டும்.

கழற்றிய பழைய பாட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்பதால் கழிவு விலை உண்டு. கேட்டுக் கழித்துக்கொள்ள வேண்டும். உபயோகித்த பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் கூறுகின்றன. வலைக்குக் குண்டு வார்க்க வீட்டுக் கொல்லையில் பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குவது, அங்கே விளையாடும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.